லிஸ்ட்ல இருக்கிற பிள்ளைக்கு ஒரு ஆள்: நியூயார்க் ஸ்கூல் ஸ்டாஃப் மென்டார் ஆன நிகழ்வு ஆய்வு

2010 வாக்குல நியூயார்க் நகரத்து அரசுப் பள்ளிகள்ல சுமார் 11 லட்சம் பிள்ளைங்க படிச்சிட்டு இருந்தாங்க. அதுல கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் வருஷத்துல 20 நாளோ அதுக்கு மேலயோ ஸ்கூல் பக்கம் வரல. அஞ்சுல ஒரு பிள்ளைக்கு ஒரு மாசப் படிப்பு அப்படியே போச்சு. அந்த வருஷம் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் ஒரு டாஸ்க் ஃபோர்ஸ் போட்டார். இதைக் கல்வித் துறை மட்டும் பார்த்துக்க முடியாதுன்னு ஹெல்த், போலீஸ், வீடில்லாதவங்களுக்கான துறை, குழந்தைகள் நலத் துறைன்னு எல்லாரையும் அதுல சேர்த்தாங்க. அதுல இருந்து வந்த வேலைகள்ல எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது சக்சஸ் மென்டார் திட்டம். அடிக்கடி லீவு போடற பிள்ளை ஒவ்வொண்ணுக்கும் ஸ்கூலுக்குள்ளயே ஒரு பெரியவரை இணைச்சு விடறது, அவ்வளவுதான் ஐடியா. அவர் வெளில இருந்து வர்றவரா இருக்கலாம், இல்ல அதே ஸ்கூல்ல ஏற்கனவே சம்பளம் வாங்கிட்டு இருக்கிற டீச்சர், கோச், ஆபீஸ்ல இருக்கிறவங்க, கேட்ல நிக்கிற செக்யூரிட்டின்னு யாராவும் இருக்கலாம், தன் வேலைக்கு மேல இதையும் நான் பார்த்துக்கறேன்னு பேர் கொடுக்கிறவங்க. இந்த எழுத்து பெரும்பாலும் அவங்களைப் பத்தினதுதான்.

என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிடறேன். மென்டார்னாலே அன்பு, அக்கறை, முன்மாதிரின்னு பேசிட்டு விட்டுடறோம். அக்கறையான டீச்சர்கள் நியூயார்க்ல 2010க்கு முன்னாடியும் இருந்தாங்க, அப்பவும் 2 லட்சம் பிள்ளைங்க நழுவிட்டுத்தான் இருந்தாங்க. இந்தப் பிள்ளை இன்னிக்கு வரலன்னு காலைலயே தெரிஞ்சுக்கற பொறுப்பு இன்னாருக்குன்னு எங்கயும் இல்ல, தெரிஞ்சுக்கிட்டவர் சொன்னா அதுக்கு மேல ஏதாவது நடக்கிற வழியும் இல்ல. அந்த ரெண்டையும் செஞ்சு கொடுத்ததுனாலதான் இந்த கேஸை இவ்வளவு நீளமா எழுதணும்னு தோணுது.

அவரேஜுக்குள்ள காணாமப் போன பிள்ளைங்க

எப்படி இத்தனை பிள்ளைங்க யார் கண்ணுலயும் படாம இருந்தாங்கன்னு கேட்டா, ஸ்கூல்கள் பார்த்துட்டு இருந்த நம்பர் தப்பு. தினசரி வருகை சராசரின்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, அது 90க்கு மேல இருந்தா பிரின்சிபல் நிம்மதியா இருப்பார். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. 100 பிள்ளைங்க, வருஷத்துக்கு 180 நாள். 70 பிள்ளைங்க ஆளுக்கு 6 நாள் லீவு, மிச்சம் 30 பிள்ளைங்க ஆளுக்கு 34 நாள் லீவு. மொத்தம் 1440 நாள், அதாவது 18000ல 8 சதவீதம். ஸ்கூலோட வருகை 92 சதவீதம்னு ரிப்போர்ட் போகும், பார்க்கிறவங்க நல்ல ஸ்கூல்னு சொல்லுவாங்க, அந்த 30 பிள்ளைங்க ஏழு வாரப் படிப்பை இழந்தது அந்த 92க்குள்ள எங்கயும் தெரியாது.

இதை முதல்ல வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது 2008ல நியூ ஸ்கூல் யூனிவர்சிட்டியோட நியூயார்க் நகர விவகார மையம் போட்ட ஒரு ரிப்போர்ட். கிண்டர்கார்டன்ல இருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் மட்டும் 90,000க்கு மேல பிள்ளைங்க ஒரே வருஷத்துல 20 நாளாவது வரலன்னு அவங்க எண்ணிச் சொன்னாங்க. இவங்க கட் அடிச்சிட்டு ஊர் சுத்தற பசங்க கிடையாது, அஞ்சு வயசு, ஏழு வயசுக் குழந்தைங்க, அம்மா கையைப் பிடிச்சுட்டு வரணும். அப்ப பிரச்சனை ஒழுக்கத்துல இல்ல, வீட்டுலயும் உடம்புலயும் வழியிலயும் இருக்கு. சவுத் பிராங்க்ஸ், ஹார்லெம் மாதிரி ஏரியால ஆஸ்துமா ரொம்ப ஜாஸ்தி, ராத்திரி மூச்சுத் திணறினா காலைல ஸ்கூல் கிடையாது. வீடு போய் ஷெல்டர்ல இருக்கிற குடும்பத்தை பிராங்க்ஸ்ல இருந்து புரூக்ளின்ல கொண்டு போய் வச்சிருப்பாங்க, பழைய ஸ்கூல்லயே தொடர்ந்து படிக்க பிள்ளைக்கு உரிமை உண்டு, 1987ல வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம் அதுக்கு இருக்கு, ஆனா சட்டம் இருக்குன்னு காலைல ஆறு மணிக்கு சப்வேல ஒன்றரை மணி நேரம் யார் கூட்டிட்டு வர்றது? பெரிய கிளாஸ் பிள்ளைங்கன்னா தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கணும், வேலைக்குப் போகணும், இல்ல ஸ்கூல்ல யாரோ ஒருத்தனுக்குப் பயம்.

இதுக்கெல்லாம் அதுவரைக்கும் இருந்த வழி பேப்பர்தான். தொடர்ந்து 10 நாள் வரலன்னா 407ன்னு ஒரு ஃபார்ம் ஓபன் ஆகும், அட்டெண்டன்ஸ் டீச்சர் விசாரிப்பார். மாசத்துக்கு ரெண்டு நாள், ரெண்டு நாள்னு விட்டு விட்டு லீவு போடற பிள்ளை அந்தப் பத்து நாள் வலைல உடனே மாட்டாது, ஆனா படிப்பு வருஷம் முடியற ஜூன் மாசம் பார்த்தா 20 நாள் ஆகியிருக்கும்.

ஸ்டாஃப்ல யாரு, ஏன்

2010-11ல 25 ஸ்கூல்ல ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் 50, 2012-13ல 100. அந்த 100 ஸ்கூல்ல 60,000 பிள்ளைங்களுக்கு மேல. மென்டார்கள் மூணு வகை. வெளில இருந்து வர்றவங்க, இதுல அமெரிகார்ப்ஸ் சேவைத் திட்டத்து இளைஞர்கள், சோஷியல் வொர்க் படிக்கிற மாணவர்கள், ரிட்டயர் ஆனவங்க எல்லாம் உண்டு. அப்புறம் ஸ்கூல் ஸ்டாஃப். மூணாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு பன்னெண்டாவது படிக்கிற சீனியர். வெளில இருந்து வர்றவங்களுக்கு இதுவே முழு வேலைங்கறதால அதிகப் பிள்ளைங்களைக் கொடுத்தாங்க, ஸ்டாஃப்னா சில பேர் மட்டும்.

ஸ்டாஃபா இருக்கிறதுல என்ன லாபம்னு யோசிச்சா பெரிய பெரிய விஷயம் எதுவும் தோணாது, சின்னச் சின்னதுதான், ஆனா அதுதான் காரியத்தை நடத்துது. அமெரிக்கால 1974ல வந்த ஃபெர்பா சட்டப்படி பிள்ளையோட ரெக்கார்டை வெளியாள்கிட்ட பெற்றோர் சம்மதம் இல்லாமக் காட்ட முடியாது, ஸ்டாஃபுக்குத் தேவைப்பட்டாப் பார்க்கலாம். அதே பில்டிங்ல எட்டு மணி நேரம் இருக்காங்க, மத்தியானம் காரிடார்ல அந்தப் பிள்ளை முகம் வாடிப் போய் நடக்கறதை யாரும் சொல்லாமலே பார்ப்பாங்க. நர்ஸ் ரூம் எங்க, கவுன்சிலர் எப்ப ஃப்ரீ, லஞ்ச் ஃபார்ம் யார்கிட்ட போகணும்னு தெரியும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஸ்கூல்லயே மருந்து கொடுக்கணும்னா டாக்டர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் வேணும், அந்த ஒரு பேப்பர் இல்லாம அம்மா பயந்துட்டு வாரக்கணக்குல வீட்டுலயே வச்சிருப்பாங்க, அந்த ஃபார்மை எடுத்து அம்மா கைல கொடுத்து, திரும்பி வந்துச்சான்னு பார்த்து நர்ஸ்கிட்ட சேர்க்கிறது உள்ள இருக்கிற ஆளுக்கு ரெண்டு நிமிஷ வேலை. செக்யூரிட்டியைச் சேர்த்ததை நான் ரொம்ப நல்ல முடிவா நினைக்கிறேன். நியூயார்க்ல ஸ்கூல் செக்யூரிட்டி போலீஸ் துறைக்குக் கீழ வர்றவங்க, நிறைய பிள்ளைங்களுக்கு அந்த யூனிஃபார்ம்னாலே ஒரு விறைப்பு. அதே ஆள் காலைல பேர் சொல்லி, வந்துட்டியா, நேத்து ஏன் காணோம்னு தேடினேன்னு சொன்னா அந்தப் பிள்ளைக்கு கேட்டே வேற மாதிரித் தெரியும்.

இன்னொரு காரணம் இருக்கு, இதை அதிகம் பேர் கவனிக்கிறதில்ல. டீச்சர்கள் தாங்களாவே யாரோ ஒரு பிள்ளையைத் தத்து எடுத்துக்கிட்ட மாதிரி பார்த்துக்கறது எல்லா ஸ்கூல்லயும் நடக்கும். ப்ரௌன் யூனிவர்சிட்டியோட மேத்யூ கிராஃப்ட்டும் அவர் கூட இருந்தவங்களும் அமெரிக்கா முழுக்க எடுத்த பெரிய சர்வே டேட்டாவை வச்சு இதை ஆராய்ச்சி பண்ணாங்க. ஸ்கூல்ல அப்படி ஒரு பெரியவர் கிடைச்ச பிள்ளைங்க பாடத்துல ஃபெயில் ஆகறது குறைஞ்சுது, காலேஜ் போறது கூடிச்சு. ஆனா வசதி குறைஞ்ச வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் அப்படி ஒருத்தர் கிடைக்கிறது கம்மி. தானா நடக்கட்டும்னு விட்டா, பேச்சுக் கொடுக்கற பிள்ளை, சிரிச்ச முகமா முன் பெஞ்சுல உக்கார்ற பிள்ளை, சாயங்காலம் பிராக்டிஸுக்கு நிக்கற பிள்ளைக்குத்தான் மென்டார் கிடைப்பார். வராத பிள்ளையை யார் பார்த்து யாருக்குப் பிடிக்கப் போகுது? நியூயார்க் திட்டத்துல போன வருஷத்து வருகையை எடுத்து லிஸ்ட் போட்டு, அந்த லிஸ்ட்ல இருக்கிற பேரைத்தான் ஸ்டாஃப் எடுத்தாங்க. மென்டாரா வர்றது தன்னார்வம், எந்தப் பிள்ளைன்னு முடிவு பண்றது லிஸ்ட். எனக்கு இந்தத் திட்டத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ஒரு சாதாரண நாள்

மென்டார் வாரத்துல மூணு நாளாவது தன் பிள்ளையை நேர்ல பார்க்கணும், வருஷம் முழுக்க இருப்பேன்னு ஒப்புக்கணும். காலைல வரும்போதே ஒரு வணக்கம், பேர் சொல்லி. வந்தா வந்ததுக்கு ஒரு பாராட்டு. வரலன்னா அன்னிக்கே வீட்டுக்குப் போன். உக்கார வச்சு ஒரு மணி நேரம் அட்வைஸ் பண்றதெல்லாம் இல்ல, பல நாள் பத்து நிமிஷம்தான்.

அந்த போன்ல என்ன பேசறதுன்னுதான் நிறைய கவனம் வைக்கணும். நியூயார்க்ல ஏழை வீட்டுக்கு ஸ்கூல்ல இருந்து போன் வந்தாலே அம்மாவுக்கு நெஞ்சு அடிச்சுக்கும். பிள்ளையைப் படிக்க அனுப்பலன்னா அது கல்விப் புறக்கணிப்புன்னு குழந்தைகள் நலத் துறைக்கு ரிப்போர்ட் போகலாம், கேஸ் ஒர்க்கர் கதவைத் தட்டலாம், பிள்ளையைப் பிரிச்சுடுவாங்களோன்னு பயம் அதுக்குப் பின்னாடியே வரும். அதனால ஏன் அனுப்பலன்னு ஆரம்பிச்சா போன் அங்கயே முடிஞ்சுடும், அடுத்த தடவை எடுக்கவே மாட்டாங்க. இன்னிக்கு உங்க பையன் இல்லாம கிளாஸ் வெறிச்சுன்னு இருக்கு, உடம்பு சரியில்லையா, நாங்க ஏதாவது பண்ணணுமான்னு ஆரம்பிச்சா, ஷெல்டர் மாத்திட்டாங்க சார், பஸ் இன்னும் ஏற்பாடு ஆகலன்னு விஷயம் வெளில வரும். மொத வாரத்துல வராது, நாலஞ்சு போனுக்கு அப்புறம் வரும். அதுக்குத்தான் அதே ஆள் அதே குரல்ல திரும்பத் திரும்ப கூப்பிடணும்.

வெளில வந்ததுக்கு அப்புறம் என்ன? இங்கதான் மத்த மென்டார் திட்டங்கள் பலதும் நின்னு போகும். மென்டாருக்கு விஷயம் தெரியும், கைல அதிகாரம் இல்ல. நியூயார்க்ல வாரா வாரம் பிரின்சிபல் தலைமைல ஒரு மீட்டிங் கட்டாயம்னு வச்சாங்க. கவுன்சிலர், சோஷியல் வொர்க்கர், மென்டார்கள் எல்லாரும் உக்காந்து லிஸ்ட்ல ஒவ்வொரு பேரா எடுத்து, போன வாரம் எத்தனை நாள், என்ன காரணம், யார் என்ன செய்யப் போறாங்கன்னு பேசுவாங்க. பிரின்சிபல் இல்லாம நடந்தா அது வெறும் பேச்சு, அவர் இருந்தா அங்கயே போனை எடுத்து ஷெல்டர் டைரக்டர்கிட்ட பேசுவார், ஏன்னா அந்தத் துறையும் டாஸ்க் ஃபோர்ஸ்ல இருக்கு. வருகை டேட்டாவையும் வருஷக் கடைசில வர்ற ரிப்போர்ட்டா இல்லாம உடனுக்குடனே பார்க்கிற மாதிரி ஸ்கூலுக்குக் கொடுத்தாங்க, எந்தப் பிள்ளை எத்தனாவது நாள்ல நிக்குதுன்னு பேரோட தெரியும்.

ஸ்டாஃப் மென்டாருக்கு ஒரு கஷ்டமும் இருக்கு. நியூயார்க் சட்டப்படி ஸ்கூல்ல வேலை பார்க்கிற டீச்சர், கவுன்சிலர் மாதிரியானவங்க பிள்ளைக்கு வீட்டுல கொடுமை நடக்குதுன்னு சந்தேகம் வந்தா கட்டாயம் ரிப்போர்ட் பண்ணணும். பிள்ளை நம்பிப் பேச ஆரம்பிச்ச நேரத்துல, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துடக் கூடாது, அது காப்பாத்த முடியாத வாக்கு. நீ ஆபத்துல இருக்கன்னு தெரிஞ்சா நான் உதவி கேட்பேன், அதை உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்னு முதல் வாரத்துலயே சொல்லி வைக்கிறது நல்லது. அதுக்கு அப்புறமும் பேசற பிள்ளைங்கதான் ஜாஸ்தி இருப்பாங்கன்னு நான் நம்பறேன்.

கிடைச்சது என்ன

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யூனிவர்சிட்டியோட ராபர்ட் பால்ஃபான்ஸும் வான் பர்ன்ஸும் மூணு வருஷ டேட்டாவை எடுத்து, இதே மாதிரி இருக்கிற ஆனா திட்டம் இல்லாத ஸ்கூல்களோட ஒப்பிட்டு 2013 நவம்பர்ல ரிப்போர்ட் போட்டாங்க. பால்ஃபான்ஸ் இந்த ஃபீல்டுல பழைய ஆள், ஆறாம் வகுப்புலயே யார் பின்னாடி ஸ்கூலை விட்டு நிக்கப் போறாங்கங்கற அறிகுறியை வருகையில இருந்தும் படிக்க முடியும்னு ஃபிலடெல்ஃபியா டேட்டால காட்டினவர்.

அவங்க கண்டுபிடிச்சது: முன்னாடி அடிக்கடி லீவு போட்டுட்டு இருந்து மென்டார் கிடைச்ச பிள்ளைங்க, கிடைக்காத அதே மாதிரிப் பிள்ளைங்களை விட வருஷத்துக்கு கிட்டத்தட்ட 9 நாள் கூட ஸ்கூலுக்கு வந்தாங்க, ரெண்டு வாரம் மாதிரி. ஹைஸ்கூல்ல அப்படிப்பட்ட பிள்ளைங்க அடுத்த வருஷமும் ஸ்கூல்ல தொடர்ற வாய்ப்பு 52 சதவீதம் அதிகம். டாஸ்க் ஃபோர்ஸ் ஸ்கூல்கள்ல ஷெல்டர்ல வாழற பிள்ளைங்க அடிக்கடி ஆப்சென்ட் ஆகற வாய்ப்பு 31 சதவீதம் குறைஞ்சுது, ஏழைப் பிள்ளைங்க மொத்தத்துக்கும் 15 சதவீதம். அந்த 31ஐப் பார்த்து எனக்கு மனசு நெகிழ்ந்து போச்சு, ஏன்னா அதிகாரிங்க வழக்கமா கைவிரிக்கிற பிள்ளைங்க அவங்கதான், வீடே இல்ல நாங்க என்ன பண்றதுன்னு.

இது குலுக்கல் முறைல பிரிச்சுப் பண்ண ஆராய்ச்சி கிடையாது, ஒப்பீடுதான். திட்டத்துக்குள்ள வந்த ஸ்கூல்கள்ல ஆர்வமான பிரின்சிபல்கள் இருந்திருக்கலாம், அந்த 9 நாள்ல எவ்வளவு மென்டாரால, எவ்வளவு மீட்டிங்கால, எவ்வளவு மத்தத் துறைங்களாலன்னு தனித்தனியாப் பிரிக்கிறதும் கஷ்டம். காலைல பிள்ளைங்களை எழுப்ப மேஜிக் ஜான்சன் மாதிரி ஸ்டார்களோட ரெக்கார்ட் பண்ண குரல்ல போன் பண்றதுன்னு ஒண்ணும் கூடவே ஓடுச்சு, பேப்பர்ல அதுக்கு வந்த அளவு செய்தி மென்டார்களுக்கு வந்திருக்குமான்னு சந்தேகம்தான்.

குலுக்கல் முறைல பண்ண ஆராய்ச்சிகளையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும். 2009ல அமெரிக்கக் கல்வித் துறை, தானே காசு கொடுத்த ஸ்கூல் மென்டார் திட்டங்களை 32 அமைப்புகள்ல, 2,573 பிள்ளைங்களை வச்சு சோதிச்சுது. மொத்தமாப் பார்த்தா சொல்ற மாதிரி பலன் எதுவும் இல்ல. சிகாகோல செக் அண்ட் கனெக்ட்னு ஒரு திட்டம், 1990கள்ல மின்னசோட்டால உருவானது, அதுல மென்டார் வருகை, மார்க் எல்லாத்தையும் விடாமப் பார்த்துட்டே ரெண்டு வருஷம் அதே பிள்ளையோட இருப்பார். ஜோனதன் குர்யான் குழு சிகாகோல அதை சோதிச்சப்ப 5ல இருந்து 7ஆம் வகுப்புல ஆரம்பிச்ச பிள்ளைங்களுக்கு லீவு 4.2 நாள் குறைஞ்சுது, அது 22.9 சதவீதம். 1ல இருந்து 4 வரைக்கும் எதுவும் மாறல. எனக்கு இதுல ஆச்சரியம் இல்ல, ஆறு வயசுக் குழந்தை வரணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது குழந்தை இல்ல, அதுக்கு அம்மாவோட நேரத்துக்கும் உடம்புக்கும் பஸ்ஸுக்கும்தான் வழி தேடணும். 2009 சோதனையையும் சிகாகோவையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோணறது, வாரம் ஒரு தடவை வந்து கேம் விளையாடிட்டுப் போற மென்டாரும், இன்னிக்கு வந்தியான்னு தினமும் பார்க்கிற மென்டாரும் ஒரே பேர்ல ஓடற ரெண்டு வேற வேற வேலை.

பாதில விடறது இன்னும் மோசம். ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002ல எழுதினதுல, மூணு மாசத்துக்குள்ள முறிஞ்சு போன மென்டார் உறவுல இருந்த பிள்ளைங்களுக்கு தன் மேல இருந்த மதிப்பே குறைஞ்சுதுன்னு வந்துச்சு. ஸ்கூல் திறக்கிற செப்டம்பர்ல உற்சாகமா பேர் கொடுத்துட்டு நவம்பர் கடைசில தேங்க்ஸ்கிவிங் லீவு வர்றதுக்குள்ள நேரம் இல்லன்னு ஒதுங்கற டீச்சர், எதுவும் செய்யாம இருந்திருந்தாலே அந்தப் பிள்ளைக்கு நல்லது. ஏற்கனவே நாலு பேர் விட்டுட்டுப் போன பிள்ளைக்கு அஞ்சாவதா நாம எதுக்கு.

அதனால தன்னார்வம்னு சொல்லி ஸ்டாஃப் தலைல ஏத்தறதைப் பத்தியும் பேசியாகணும். பேர் கொடுக்கிறவங்க எப்பவும் அதே ஆறேழு பேர்தான், கோச்சிங்கும் அவங்கதான், டிராமாவும் அவங்கதான். பிரின்சிபல் கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்றதுன்னு ஒத்துக்கறவங்க ஜனவரில காணாமப் போயிடுவாங்க. அதுக்கு ஈடா ஒரு டியூட்டியைக் கழிச்சு விடணும், லஞ்ச் ரூம் காவலோ காரிடார் டியூட்டியோ, இல்லன்னா இதைக் கேட்கவே கூடாதுன்னு நான் உறுதியா நினைக்கிறேன். மூணு பிள்ளைக்கு மேல ஒரு டீச்சருக்குக் கொடுக்காதீங்க. அவர் லீவுல போனா யார் பார்ப்பாங்கன்னு முதல் நாளே இன்னொரு பேர் எழுதி வைக்கணும், பிள்ளைக்கும் அந்த ரெண்டாவது ஆளைத் தெரிஞ்சிருக்கணும்.

அதுக்கு அப்புறம்

2013 கடைசில ப்ளூம்பெர்க் பதவி முடிஞ்சுது, டாஸ்க் ஃபோர்ஸும் அவரோட போச்சு. மென்டார் வேலை முழுசா சாகல, அடுத்த மேயர் பில் டி ப்ளாசியோ 2014ல ஆரம்பிச்ச கம்யூனிட்டி ஸ்கூல்கள்ல (படிப்போட மருத்துவம், கவுன்சிலிங் மாதிரி உதவியும் உள்ளயே கிடைக்கிற ஸ்கூல்கள்) அது தொடர்ந்துச்சு, ரேண்ட் நிறுவனம் 2020ல போட்ட ஆய்வுல அந்த ஸ்கூல்கள்ல வருகை கூடினது தெரிஞ்சுது. 2016 பிப்ரவரில ஒபாமா அரசாங்கம் இதையே மாடலா எடுத்து பாஸ்டன், டென்வர், ஃபிலடெல்ஃபியா, சியாட்டில் உட்பட 10 ஊர்ல ஆரம்பிச்சு, அதே வருஷம் 30 ஆக்குச்சு. ஆறாவதும் ஒன்பதாவதும்தான் முதல் குறி, புது பில்டிங்குக்கு மாறற வருஷம்ங்கறதால.

அப்புறம் கோவிட் வந்துச்சு. 2021-22ல நியூயார்க்ல அடிக்கடி ஆப்சென்ட் ஆகற பிள்ளைங்க 40 சதவீதம் பக்கம் போயிட்டாங்க. 2010ல அஞ்சுல ஒண்ணுன்னு அலறினது அந்த வருஷம் அஞ்சுல ரெண்டு ஆச்சு. 600 பேர் படிக்கிற ஸ்கூல்ல அது 240 பிள்ளை, ஸ்டாஃப்ல 30 பேர் ஆளுக்கு மூணு பிள்ளை எடுத்தாக்கூட 90தான். மிச்சம் 150 பேருக்கு மென்டார் கிடையாது, அவங்களுக்கு பஸ், ஆஸ்துமா ஃபார்ம், வீட்டுக்கு லெட்டர்னு பொதுவான வழிதான் பார்க்கணும். அந்த 90 யாருன்னு என்னைக் கேட்டா, போன வருஷம் 20ல இருந்து 35 நாள் வரைக்கும் விட்ட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களை முதல்ல எழுதுவேன், கூடவே ஷெல்டர்ல இருக்கிற பிள்ளைங்க அத்தனை பேரையும், எத்தனை நாள் லீவுன்னு பார்க்காம. 60 நாள், 80 நாள் விட்ட பிள்ளையை ஒரு டீச்சர் தலைல கட்டினா ரெண்டு பேருமே நொறுங்கிப் போவாங்க, அங்க முழுநேர சோஷியல் வொர்க்கர்தான் போகணும். லிஸ்ட் ஜூன்லயே ரெடியா இருக்கணும், ஸ்கூல் திறக்கிற முதல் நாள் காலைல அந்தப் பிள்ளை கேட்டுக்குள்ள வரும்போது மென்டாருக்கு அது பேரு தெரிஞ்சிருக்கணும், ஏன்னா செப்டம்பர்ல ரெண்டு வாரம் விட்ட பிள்ளையை நவம்பர்ல பிடிக்கிறதுக்கு நாலு மடங்கு வேலை ஆகுது.